இன்னொரு ஓட்டு

யரகூல் என்ற சிற்றூரில் மொத்தம் நூற்றுப் பதினெட்டு ஓட்டு. தேர்தல் எதுவானாலும் அதில் நூறுக்குக் குறையாமல் நேஷனல் கட்சிக்குத்தான் விழும். பத்துப் பதினைந்து உதிரிக் கட்சிகளுக்குப் போகும். லேபர் கட்சிக்கு இரண்டு. நடுவில் ஒரு சமயம் பள்ளிக்கூடத்துக்கு வந்த இளம் ஆசிரியை ஒருத்தி சட்டையில் லேபர் பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிந்தாள். அந்தத் தேர்தலில் மட்டும் மூன்று. அவள் மாற்றலாகிப் போனதும் பழையபடி இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று கிளெம் ஹார்கனுடையது. ரயில் பாதையில் கட்டை மாற்றியும் ஆணி அடித்தும் ஓய்வு பெற்ற மனுஷன். தேர்தலன்று காலை ஏழரைக்கே மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு ஊர் மண்டபத்துக்கு வந்துவிடுவார். கதவிலிருந்து ஆறு மீட்டர் தள்ளித்தான் கட்சிக்காரர்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஆறு மீட்டரைக் காலால் அளந்து, பாதையின் இடப்பக்கம் மேசையை விரித்து, சிவப்பு டையை இழுத்துச் சரி செய்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு என்று எந்த வரிசையில் எண் போடுவது எனக் காட்டும் லேபர் கட்சியின் மாதிரிச் சீட்டை நீட்டுவார். மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், உள்ளே போய்க் குப்பைக் கூடையில் போடுவார்கள். முப்பத்தாறு வருஷம் இப்படியே நடந்தது.

பாதையின் வலப்பக்கம் நெவில் ஸ்ட்ரான் நிற்பான். மூவாயிரம் ஏக்கர் கோதுமையும் கொஞ்சம் ஆடுகளும் உள்ளவன். நேஷனல் கட்சியின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர். அவனுக்கு முன்னால் அவன் அப்பா செயலாளர். நெவிலும் கிளெமும் எதிரும் புதிருமாக நின்று நாள் முழுக்கச் சீட்டுக் கொடுப்பார்கள். கூட்டம் ஓய்ந்தால் நெவிலின் பிளாஸ்க்கிலிருந்து இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். ஒருத்தர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் இரண்டு சீட்டையும் கொடுப்பார். சாயங்காலம் ஓட்டு எண்ணும்போது ஆளுக்கொரு கட்சியின் முகவராக மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கவனிப்பார்கள்.

அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்பதுதான் ஊருக்குப் பிடிபடவில்லை. பப்பில் பேச்சு ஓய்ந்தால் யாராவது அதை எடுப்பார்கள். டென்னிஸ் ஆடி முடித்துக் கேக் சாப்பிடும்போதும் அதே பேச்சு. கொஞ்ச நாள் தபால்காரன் மேல் சந்தேகம் இருந்தது. அப்புறம் பாதிரியார் டோலன் மேல். பிரசங்கத்தில் ஏழைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வெளியே வரும்போது ஆண்கள் அவரைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். பதினோரு வருஷம் அந்த மனுஷன் இதைப் பொறுத்துக்கொண்டார். அவர் வேறு ஊருக்குப் போன பிறகும் கணக்கு இரண்டாகவே நின்றதால்தான் அவர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

அந்த ஓட்டு கோரலுடையது. நெவிலின் மனைவி கோரல்.

அவள் பிறந்தது தெற்கே இருநூறு மைல் தள்ளி. அப்பா ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஆறு பிள்ளைகளில் இவள் மூத்தவள். பள்ளி முடிந்ததும் மளிகைக் கடையில் வேலைக்கு நிற்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் லேபர் அரசாங்கம் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து அந்தச் செய்தியை இரண்டு தடவை உரக்க வாசித்தார். பிறகு அவளைப் பார்த்து, “நீ போறியா?” என்று மட்டும் கேட்டார். பெண்டிகோ நகரில் மூன்று வருஷம் ஆசிரியர் படிப்பு. முதல் வேலை யரகூல் பள்ளிக்கூடம். வந்த இரண்டாம் வருஷமே நெவிலோடு கல்யாணம்.

ஒவ்வொரு தேர்தலிலும் அந்தக் கட்சி அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒருமுறை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்தபடி அவள் நெடுநேரம் நின்றுவிட, ஏதாவது உதவி வேண்டுமா என்று அதிகாரி எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. கடைசியில் ஒன்று என்று எழுதியது லேபர் பேருக்கு நேரேதான். அப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுபோல அவளுக்கு இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் ஒன்றும் செய்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பேட்ஜ் குத்திய ஆசிரியையிடம்கூட எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் சனிக்கிழமை டென்னிஸுக்கு அவளைக் கூப்பிட மறந்துபோனார்கள். கூப்பிட மறந்தவர்களில் கோரலும் ஒருத்தி. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கிளெமைப் பற்றியும் ஊர் பேசிச் சிரிக்கும். ‘ரெண்டு ஓட்டுத் தலைவர்’ என்று பட்டப்பேர். கோரலும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அந்த மனுஷன் வெயிலிலும் காற்றிலும் தனியாக நிற்க, இவள் பத்தடி தள்ளி ஸ்கோன் ரொட்டி விற்றுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இந்தத் தடவை தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது கிளெம் விழுந்துவிட்டார். நெவில்தான் பார்த்தது. வாரம் ஒருமுறை பிக்கப் வண்டியில் விறகு கொண்டுபோய்ப் போடுவான். செவ்வாய்க்கிழமை காலை போனால், பின்பக்கப் படிக்கட்டின் கீழே சிமென்ட் தரையில் கிடக்கிறார். இடுப்பு உடைந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை நெவில் தன் கோட்டை அவர் மேல் போர்த்திப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கிளெம் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, கொட்டகைச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னார். உள்ளே சீட்டுப் பெட்டி இருக்கிறது, அதை எப்படியாவது எங்கள் ஆட்களிடம் சேர்த்துவிடு என்றார்.

அன்று மத்தியானம் லேபர் கட்சிச் சீட்டுகள் அடங்கிய அட்டைப் பெட்டி ஸ்ட்ரான் வீட்டுச் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது. எங்கப்பா பார்த்திருந்தால் பெட்டியோடு என்னையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பார் என்று நெவில் சிரித்தான். சிரித்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக லேபர் வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போன் போட்டான். கோரல் பூசணிக்காயை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஊர்ப் பேரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னான். பிறகு வெகுநேரம் “ம்” கொட்டினான். வைக்கும்போது முகம் சிவந்திருந்தது.

“என்னவாம்?” என்றாள்.

“பூத்தோட கணக்கைப் பாத்தாளாம் அந்தப் பொண்ணு. ரெண்டு ஓட்டுக்காக ஒரு ஆள அவ்வளவு தூரம் அனுப்ப முடியாதாம்.” நெவில் போனை முறைத்தான். “முப்பத்தாறு வருஷம் அந்தாளு நின்னிருக்கான். எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல.”

கோரல் கத்தியை வைத்துவிட்டாள். அந்த இரண்டில் பாதி நான் என்று நினைத்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் போட்டதை யாரோ ஒரு பெண் கம்ப்யூட்டரில் பார்த்து, இதற்கு ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. யாருக்கும் தெரியாத ஓட்டைப் பொருட்படுத்த ஆள் எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“நாளைக்கு கிளெம் மேசையில நான் நிக்கறேன்.”

நெவில் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் அவன் அப்பாவின் படம், கட்சித் தலைவர் ஒருவரோடு கை குலுக்குவது. கோரல் காத்திருந்தாள். என்னென்ன கேட்பான், எதற்கு என்ன பதில் என்று மூன்று நாளாக மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

“மத்தியானத்துக்கு மேல மழை வருமாம். கோட்டு எடுத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு நெவில் உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவ்வளவுதான். தயார் செய்து வைத்த பதில்களெல்லாம் வீணாயின. ஒருவகையில் அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஒரே பிக்கப்பில் போனார்கள். பின்னால் இரண்டு கட்சிப் பெட்டியும் பக்கம் பக்கமாக. நெவில் வலப்பக்கம் நின்றான். கோரல் ஆறு மீட்டரைக் காலால் அளந்து இடப்பக்கம் மேசையை விரித்தாள். வசந்தம் பிறந்தும் காற்றில் குளிர் விடவில்லை. கோதுமைக் குதிர்களின் நிழல் மண்டபக் கூரைவரை நீண்டிருந்தது. தீயணைப்புத் தொண்டர்கள் புது நீர்க்குழாய் வாங்குவதற்காக வழக்கம்போல இரும்புத் தட்டில் சாசேஜும் வெங்காயமும் வாட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுக்குப் பின்னால் மெர்ல் டொங்கின். நேஷனல் கட்சியின் கிளைத் தலைவர் கிரயமின் மனைவி. கோரல் இந்த ஊரில் கால் வைத்த வாரத்திலிருந்து அவளுக்குச் சிநேகிதி.

முதல் ஆள் வந்ததும் கோரல் சீட்டை நீட்டினாள். அவர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, கிளெமுக்காக நிற்கிறாயா, உனக்கு ரொம்ப நல்ல மனசு கோரல் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவரும். பத்து மணிக்குள் முப்பது பேர் அவளுடைய நல்ல மனசைப் பாராட்டிவிட்டார்கள். ஒரு கிழவர் நெவிலிடம் போய், இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். நெவில் தொப்பியைத் தொட்டு ஆமாம் என்றான். கிளெம் நீட்டினால் மரியாதைக்கு வாங்கியவர்கள் இன்று அன்போடு வாங்கினார்கள். உள்ளே போய் அதே கூடையில் போட்டார்கள்.

கோரலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று நாள் தூக்கம் கெட்டு, துணிந்து வெளியே வந்து நின்றால், ஊர் அதைத் தர்மமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் மனக்கசப்பு இல்லை, மாலையில் மேசையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அது சுலபம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பதினொன்று வாக்கில் மெர்ல் ரொட்டியில் சாசேஜ் ஒன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். வெங்காயம் கூடுதலாக வைத்திருந்தாள், கோரலுக்குப் பிடித்த மாதிரி.

“பாவம்டி நீ,” என்றாள். “கிளெமுக்குச் செய்யணும்னு இந்தக் கண்றாவியெல்லாம் கையில பிடிச்சுட்டு நிக்க வேண்டியிருக்கு. நானா இருந்தா முடியவே முடியாது.”

கோரல் சாசேஜை வாங்கி மேசை மேல் வைத்தாள்.

“கிளெமுக்காக மட்டும் இல்ல மெர்ல். அந்த இன்னொரு ஓட்டு என்னோடது.”

மெர்ல் முதலில் சிரித்தாள். கோரல் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தட்டில் வெங்காயம் தீயும் வாசனை வந்தது. திருப்பிப் போட ஆளில்லை.

“எப்போலேர்ந்து?”

“மொதல்லேர்ந்தே.”

மெர்ல் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“என் கர்ப்பப்பைய எடுக்கணும்னு டாக்டர் சொன்னப்ப கிரயமுக்கு முன்னாடி உன்கிட்டதான் வந்து சொன்னேன்,” என்றாள் மெதுவாக. “என் மகன் ஜெயிலுக்குப் போக இருந்ததும் உனக்கு மட்டும்தான் தெரியும். நீ இதைக்கூட என்கிட்ட சொல்லலையே.”

கிரயம் என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் கோரல் யோசித்து வைத்திருந்தாள். மெர்ல் இப்படிக் கேட்பாள் என்று யோசிக்கவில்லை. மெர்ல் திரும்பிப் போய்க் கருகிய வெங்காயத்தைச் சுரண்டி வாளியில் தள்ளினாள். அதன் பிறகு இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

செய்தி ஊர் முழுக்கப் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு வந்தவர்கள் நல்ல மனசைப் பற்றிப் பேசவில்லை. சிலர் சீட்டை வாங்கும்போது அவள் கண்ணைப் பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் வாங்கினார்கள். வடக்குப் பண்ணை டிராவிஸ் மட்டும் நின்று, ரயிலை நிறுத்தியது உன் ஆட்கள்தானே, இப்போது ஒவ்வொரு கோதுமை மூட்டையும் லாரியில் போகிறது என்றான். இல்லை, உன் ஆட்கள்தான் என்றாள் கோரல். இரண்டு பேரும் வருஷங்களைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அவள் அந்தப் பையனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அவன் குரலை உயர்த்திய பிறகு அது அவனுக்கே ஞாபகம் வந்து, “சரி மிஸ்,” என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான். சீட்டை வாங்கவில்லை.

இத்தனை நேரமும் பாதையின் மறுபக்கம் நெவில் தன் சீட்டைக் கொடுத்துக்கொண்டே நின்றான். காதில் விழாமல் இருக்க வழியில்லை. இரண்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்து தூறல் ஆரம்பித்தது. அவன் பிளாஸ்க்கையும் இரண்டு குவளையையும் எடுத்துக்கொண்டு பாதையைத் தாண்டி வந்தான். அவள் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டான். டீயை ஊற்றினான்.

“உனக்கு ஒண்ணும் கேக்கணும்னு தோணலையா?” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

“இப்பதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே.”

“அதில்ல. டீன் பொறந்த வருஷத்துலேர்ந்து தெரியும்.”

டீன் அவர்களுடைய மூத்த மகன். அவனுக்கு முப்பத்தொன்று ஆகிறது. கோரல் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

“எப்படி?”

“ஏழு,” என்றான் நெவில். “அந்தத் தடவை ஏழு பேர் நின்னாங்க, ஏழு வரைக்கும் எண் போடணும். எண்ணும்போது லேபர் சீட்டு ரெண்டு வந்துச்சு. ஒண்ணுல ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு. இந்த ஊர்ல யாரு ஏழுக்குக் கோடு போடறா?”

பெண்டிகோவில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஹங்கேரிக்காரரிடமிருந்து அவளுக்கு வந்த பழக்கம் அது. காதில் அடையாள வில்லை மாட்டும் ஆட்டுக்குட்டிகளின் எண்ணிக்கையை நோட்டில் எழுதுவது கோரல்தான். கோடு போட்ட அந்த எண்ணை நெவில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான்.

“அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பாத்தியா?”

“இல்ல. லேபர் சீட்டப் பிரிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். கிளெம் பாத்துக்குவான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீதான் சொல்லலியே. ரகசிய ஓட்டுன்னு வச்சிருக்கான். நான் கேட்டுட்டா அப்புறம் அது என்ன ரகசியம்?”

கோரலுக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். இவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வெளியே நின்றிருக்கிறான். அந்தக் கோபத்தினூடே வேறொன்று நினைவுக்கு வந்தது.

“பாதிரியார் டோலன்தான்னு மொதல்ல கெளப்பிவிட்டது யாரு?”

நெவில் குவளைக்குள் பார்த்தான். “உன் பேரு வந்துடுமோன்னு இருந்துச்சு. பப்புல அப்படி ஒரு பேச்சு ஆரம்பிச்சாங்க, நீ பெண்டிகோவுல படிச்சவளாச்சேன்னு. சட்டுனு வாய்க்கு வந்தது அவரு பேருதான்.”

“பதினோரு வருஷம் நெவில். அந்த மனுஷன் கோயில்ல தலை தூக்க முடியல.”

“அவரு போகும்போது ஒரு ஆட்டுக் கால் குடுத்தேன்,” என்றான்.

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி எடுத்துக் குடித்த டீ மூக்கில் ஏறி இருமினாள். நெவில் முதுகைத் தட்டினான். உனக்காக நான் ஓட்டை மாற்றிப் போட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, எட்டரைக்கே நேஷனலுக்குப் போட்டாயிற்று என்றான். அப்படி நினைத்தால் என் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்றாள் அவள். அப்போது ஒரு கார் வந்து நிற்க, அவன் வலப்பக்கத்துக்கு ஓடினான்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். கோரல் மண்டபத்தின் சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக மெர்லும் கூட நின்று துடைப்பாள். இன்று அவள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். கழுவிய தட்டுகளைக் கோரலே துடைத்து அடுக்கினாள். கிளெமின் ஓட்டு இந்தப் பெட்டியில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டுப் பெட்டியோடு வந்த அதிகாரிகளிடம் போட்டுவிட்டார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆகவே இன்று லேபருக்கு ஒன்றுதான். தன்னுடைய ஒன்று. எண்ணுகிற அதிகாரி அதை உரக்கச் சொல்லும்போது எல்லாருக்கும் அது யாருடையது என்று தெரியும். அது அவளுக்கு ஆச்சரியப்படும்படி நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் தனிமையாகவும் இருந்தது.

நெவில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“மூணு,” என்றான்.

“என்ன மூணு?”

“லேபருக்கு மூணு. ரெண்டு தடவ எண்ணியாச்சு. கிரயம் மூணாவது தடவ எண்ணச் சொல்றான்.”

அவள் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். நீள மேசையில் நேஷனல் ஓட்டுச் சீட்டுகள் ஒரு செங்கல் உயரத்துக்கு இருந்தன. அதிலிருந்து தள்ளி, மெல்லியதாக மூன்று பச்சைத் தாள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் அந்த மூன்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராவிஸ் காது வரைக்கும் சிவந்து, நான் இல்லை என்றான். அவனை யாரும் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிளெம் தலையணைகளில் சாய்ந்து, பைஜாமா சட்டைக்கு மேல் சிவப்பு டை கட்டி உட்கார்ந்திருந்தார். நாட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதை ரேடியோவில் கேட்டிருந்தார். அதைப் பற்றி அவர் பேசவில்லை. யரகூல் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார்.

நெவில் சொன்னான்.

“மூணா,” என்றார் கிளெம். “நான் இல்லாமலே மூணா?”

“ஆமா கிளெம்,” என்றாள் கோரல்.

“முப்பத்தாறு வருஷம் நான் நின்னேன். ரெண்டு. நீ ஒரு நாள் நின்ன. மூணு. என் மூஞ்சியிலதான் ஏதோ கோளாறு.”

கோரல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த இன்னொரு ஓட்டு தன்னுடையது என்றும், வந்து பக்கத்தில் நிற்காமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள். இதைத்தான் சொல்வது கஷ்டம் என்று வழி முழுக்க நினைத்து வந்தாள். கிளெம் அவளைப் பார்க்கவேயில்லை. நெவிலை வெறித்துப் பார்த்தார்.

“அப்ப நீ இல்லையா?”

“நான் என்னவா இல்லையா?” என்றான் நெவில்.

“அந்த இன்னொரு ஓட்டு. நான் உன்னுதுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். வாரா வாரம் விறகு கொண்டாந்து போடற. டீ குடுக்கற. என் சீட்டப் பிரிச்சாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கற. பாவம், அப்பனுக்குப் பயந்துட்டு அந்தப் பக்கம் நிக்கறான், மனசு நம்ம பக்கம்னு நெனச்சேன். உன்ன யாருகிட்டயும் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா வாயைத் திறக்கல நான்.”

“யோவ் கிளெம்,” என்றான் நெவில். எழுந்து ஜன்னல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். “யோவ், நான் கிளைச் செயலாளர்யா.”

“அதனாலதான் ரொம்பப் பரிதாபப்பட்டேன்,” என்றார் கிளெம்.

கோரல் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வீடு திரும்பும் வழியில் நெவில் முப்பது மைல் வரைக்கும் உர்ரென்று இருந்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்து, வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த சில வாரங்களில் ஒரு விநோதம் நடந்தது. தபால் நிலையத்தில் ஒருவர் கோரலின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், அந்த மூன்றில் ஒன்று என்னுடையது, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். நாலு நாள் கழித்து டென்னிஸ் மைதானத்தில் ஒருத்தி அதையே சொன்னாள். பிறகு பப் நடத்துகிறவர், பிறகு டிராவிஸின் மனைவி. மாத முடிவுக்குள் அந்த இரண்டு ஓட்டுக்கு ஆறு பேர் வந்து சொந்தம் கொண்டாடிவிட்டார்கள். கோரல் ஆறு பேரையும் நம்பினாள். போட நினைத்துப் போடாமல் வந்தவர்களும் அதில் இருக்கலாம், இப்போது சொல்லிப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். நெவிலிடம்கூட யார் பேரையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மெர்ல் மட்டும் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் தலையாட்டுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், போய்விடுவாள். கோரல் இரண்டு தடவை அவள் வீட்டு வாசல்வரை காரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, மெர்ல் தானாகவே வந்து சமையலறைக் கதவருகே நின்றாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

“ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாள். “அந்த மூணுல நான் இல்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீயா இருந்தா அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருப்ப.”

மெர்ல் ஓர் அடி உள்ளே வைத்தாள்.

“ஆமா,” என்றாள். “நான் சொல்லியிருப்பேன்.”

கோரல் தலை குனிந்தாள். பிறகு கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். மெர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.